மூன்று முறை வரை

ஐந்து ஆண்டாக அந்த ஆவணத்தில்
ஒரே ஒரு வரிதான் இருந்தது:
"பணம் வந்தால் இந்த கால்பேக் அழைக்கப்படும்."
எழுதியவன் ஜில்வினாஸ்.
வேறென்ன சொல்லணும், என்பான்.
கீழே தெருவில் கௌனாஸ் டிராலிபஸ்
கம்பி நழுவி நின்றிருக்கும்.
ஓட்டுநர் இறங்கி
கயிற்றை இழுத்துக் கொம்பை மாட்டுவதை
இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிப்ரவரியில் ஒரு கடிதம்.
அனிக்ஷ்சையில் தேனீ வளர்க்கும் ஔக்ஸே.
அக்கா மகன் ஒரே இரவில் கட்டிக்கொடுத்த இணையக் கடை,
உள்ளே எங்கள் வாலட், எங்கள் ஒற்றை வரி.
கிளைபேடாவில் யாரோ ஒரு பெட்டி லிண்டன் தேன் கேட்க
மூன்று பெட்டி போய்ச் சேர்ந்திருக்கிறது.
"உங்கள் மென்பொருள் மூன்று முறை 'வந்தது' என்றது.
நான் மூன்று முறை தபால் நிலையம் போனேன்.
பனியில்."
கோபம்கூட இல்லை.
ஒரு முற்றுப்புள்ளி, அப்புறம் தனியாக அந்த ஒரு சொல்.

ஜில்வினாஸ் சிரித்தான்.
பிழையில்லை, அது அப்படித்தான்.
பிழையில்லைதான்.
நிரலைத் திறந்து நடுராத்திரி வரை படித்தேன்.

முதலில் பணம் வந்துகொண்டிருக்கிறது,
கணினி விட்டுக் கணினிக்கு வதந்தி போல.
வராமலே போகவும் கூடும்.
பிறகு வந்தது.
ஒரு பிளாக்கில் இடம்பிடித்து உட்கார்ந்தது,
ஆனால் தொட முடியாது;
இன்னும் பத்து பிளாக், ஏறக்குறைய இருபது நிமிடம்,
பேக்கரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ரொட்டி.
கடைசியில்
வந்துவிட்டது.
அந்த "விட்டது" விழுந்த பிறகுதான்
அது உங்கள் காசு.

மூன்று முறை என்று எழுதி
அதுவும் பொய்யென்று அடித்தேன்.
வாலட் அணைந்து கிடந்த நேரத்தில் எல்லாம் நடந்திருந்தால்
விழித்ததும் ஒரே ஒரு தடவைதான் சொல்லும்,
இடையில் நடந்ததெல்லாம் தெரியாததுபோல.
ஆகவே
மூன்று முறை வரை.
அந்த "வரை"க்கு எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

அதே வாரம் என் வீட்டு பாய்லர் ரிப்பேர்.
பாகம் வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார் மெக்கானிக்.
கூப்பிடவில்லை.
கோட்டைப் போட்டுக்கொண்டே தட்டச்சினேன்:
"அழைப்பு வராததால்
எதுவும் நடக்கவில்லை என்று கொள்ள வேண்டாம்.
இணைப்பு அறுந்திருக்கலாம்."
இன்னொன்று:
"இதற்குள் நெடுநேரம் வேலை செய்யாதீர்கள்.
பின்னால் வரிசை காத்திருக்கிறது."

ஜில்வினாஸ் ஒரே ஒரு வாக்கியத்தைச் சிவப்பில் கோடிட்டான்:
"முதல் அழைப்பிலேயே பொருளை அனுப்பிவிடாதீர்கள்."
என்ன நடக்கும் என்று சொல்வதுதான் ஆவணம்,
என்ன செய்யணும் என்று சொல்ல நாம் யார்?
நான் பதில் சொல்லவில்லை.
கடிதத்தின் கடைசிச் சொல்லை
விரலால் தொட்டுக் காட்டினேன்.
கொஞ்சநேரம் பார்த்தான்.
சிவப்பை எடுத்துவிட்டான்.

மார்ச் கடைசியில் ஔக்ஸே மறுபடி எழுதினாள்.
கிளைபேடாக்காரர் நாணயமான மனிதர்,
அதிகமாகப் போன இரண்டு பெட்டிக்கும்
தனித்தனியாகப் பணம் அனுப்பினாராம்.
"ஆறு முறை மணி அடித்தது.
உங்கள் புதுப் பக்கத்தை அச்செடுத்து
தேன் எடுக்கும் யந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
இந்த முறை நான்
பூட்ஸைக்கூடத் தேடவில்லை."