தெளிவாகக் கசியும்வரை

கொசப்பூருக்கு வடக்கே
மூன்று ஏக்கர் தண்ணீர்
எங்கள் பட்டாவில் இருக்கிறது.
எனக்கும், குவைத்தில் இருக்கும் எத்திராஜுக்கும்,
இறந்துபோன தேசம்மாளுக்கும்
சம பங்கு.

அணை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
முந்நூறு தப்படி மண்கரை,
ஒரு மதகு, ஒரு கலங்கல்.
கரைமேல் நடந்தால்
மணலிப் புகைபோக்கியின் நெருப்பு தெரியும்.
கீழே முன்பு சிறுகீரை, அரைக்கீரை, கொஞ்சம் முள்ளங்கி.
உடைந்தால் கீரை போகும்.
ஈரம் வடிந்ததும் மறுபடி தூவலாம்.
கணக்கு அவ்வளவுதான் இருந்தது.

இப்போது கீழே முப்பத்தியொரு வீடு.
கரை அதே கரை.
ஒரு கூடை மண்கூட நகராமலே
ஆபத்தானதாகிவிட்டது.

உதவிப் பொறியாளர் நஸ்ரின் வந்தார்.
ரப்பர் பூட்ஸ், டேப்பு,
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு படிவம்.
"கட்டின வருஷம்?"
தெரியாது.
"யார் கட்டினது?"
ஆட்கள் கொட்டினார்கள், எருமைகள் மிதித்தன என்றேன்.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

மதகுத் திருகு ஆறு சுற்று சுற்ற வேண்டும்,
இரண்டோடு நின்றது.
கலங்கல் வாயில் ரொசாரியோ கட்டிய வலை,
வலை நிறைய ஆகாயத்தாமரை,
நடுவில் ஒற்றைச் செருப்பு.
கரையின் தோளில் பூவரசு.
"வெட்டிடட்டுமா மேடம்?"
"வெட்டினா வேர் அழுகும். அழுகின வழியில தண்ணி போகும்."
"விட்டா?"
"புயல்ல சாயும். கரையையும் பேத்துக்கினு."
நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு
அது பாட்டுக்குப் பூத்திருந்தது.

பிறகு கரையடியில் குந்தினார்.
புல்லுக்குள் விரல்தடிமனில் ஒரு கசிவு.
காலி பாட்டிலில் பிடித்து
வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.
"இப்படித் தெளிவா வந்தா பயமில்ல.
கலங்கி வந்தா, உள்ளேருந்து கரை
கிளம்பிடுச்சுன்னு அர்த்தம்.
அப்ப எனக்கு போன் போடாதீங்க.
முதல்ல கீழ போய்க் கதவைத் தட்டுங்க."

எனக்குக் கன்டெய்னர் யார்டில் எடைமேடை வேலை.
எதைப் பார்த்தாலும் டன் கேட்கும் புத்தி.
அன்றிரவு ஷிப்டில்
ரசீதின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்:
நிறைந்த மாதத்தில் இருபத்தோராயிரத்து அறுநூறு டன்.
நாற்பது டன் லாரிகள்
ஐந்நூற்று நாற்பது,
விளக்கணைத்து
முப்பத்தியொரு வீட்டின் முதுகுக்குப் பின்னால் நிற்கின்றன.
ஹேண்ட்பிரேக் மண்.

எத்திராஜுக்குப் போன் செய்தேன்.
நான்கு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்றேன்.
"தூத்துட்டு பிளாட் போடு" என்றான்.
தேசம்மாள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.
கீழ்வீட்டு பெனடிக்டாவிடமும் சொன்னேன்.
"ஏரி வியூன்னு சொல்லி
சதுரடிக்கு நூறு ரூபா ஏத்தி வித்தாங்கண்ணே"
என்றாள்,
அதையும் நான்தான் வாங்கிக்கொண்டதுபோல.

வலையை நானே அறுத்தேன்.
ரொசாரியோ இன்னும் என்னோடு பேசுவதில்லை.
திருகுக்குக் கிரீஸ் போட்டு
மூன்றாம் சுற்றுவரை கொண்டுவந்தேன்.
மீதிக்குப் பணம் வேண்டும்,
பணத்துக்கு மூன்று கையெழுத்து வேண்டும்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து தினம் ஒரு பாட்டில்.
தேதி எழுதி ஜன்னலில் அடுக்குகிறேன்.
பிள்ளைகள் எனக்குத் தண்ணிகேன் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இன்று மூன்றாம் நாள் மழை, மணி இரண்டேகால்.
கசிவு இரண்டு விரல்தடிமன்.
பிடித்த பாட்டிலை
நேற்றைய பாட்டிலோடு சேர்த்துப் பார்க்கிறேன்.
மஞ்சள் தண்ணீருடையதா,
டார்ச்சினுடையதா?
அசைத்தேன், பொறுத்தேன், மறுபடி பார்த்தேன்.
சந்தேகத்துக்கும் தட்டலாமா என்று
பொறியாளரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

முதல் வீடு பெனடிக்டாவுடையது.
கரண்ட் இல்லை, பெல் அடிக்காது.
பாட்டில்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தட்டுகிறேன்.