எலுமிச்சைக் காந்தம்

மயோர்க்காவில் வாங்கிய எலுமிச்சைக் காந்தத்தை
பிரிட்ஜ் கதவிலிருந்து கழற்றி
கோட்டுப் பையில் போட்டபோதே
கோரினுக்குத் தெரிந்துவிட்டது.
பார்க்கத்தானே போகிறாய், என்றான்.
பார்க்கத்தான், என்றேன்.

அல்வர்ஸ்டனுக்கு அப்பால், மழை விடாத சனிக்கிழமை.
ஆட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திய ட்ரையம்ஃப்,
அறுபத்து மூன்றாம் வருடத்தது.
பிரெய்த்வெய்ட் பாயை இழுத்தார்.
ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு கோழி
வேண்டாவெறுப்பாக இறங்கிப் போனது.

சிவப்பு என்று விளம்பரத்தில் இருந்தது.
சிவப்புதான்,
மழையில் கிடந்த செங்கல்லும் சிவப்பென்றால்.

மாட்டைப் பல்பிடித்துப் பார்ப்பதுபோல் குனிந்தேன்.
கதவைத் தூக்கித்தான் திறக்க முடிந்தது.
விரிப்பை விலக்கினால் தரை இல்லை,
கொட்டகையின் வைக்கோல் தெரிந்தது.
டாஷ்போர்டு அறைக்குள் எலி ஒன்று
பழுதுபார்க்கும் கையேட்டை நார்நாராய்க் கிழித்து
கூடு கட்டியிருந்தது.
பிரேக் பற்றிய அத்தியாயம் மட்டும் மிச்சம்.

காந்தத்தை முன்சக்கர வளைவில் வைத்தேன். ஒட்டவில்லை.
கதவின் அடிவிளிம்பில். ஒட்டவில்லை.
பின்விளக்கருகே ஒரு கணம் யோசித்தது,
விழுந்தது.
பட்டி, என்றார் பிரெய்த்வெய்ட், நான் கேட்காமலே.
எண்பத்தேழில், பரிசோதனைக்கு முந்தைய இரவு,
செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து
அதன்மேல் நானே பூசினேன்.
பாஸாகிவிட்டது.
குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாலாயிரத்து இருநூறு பவுண்டு.
துருவுக்கும் பட்டிக்கும்
எண்பத்தேழாம் வருடத்துச் செய்திகளுக்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
எனக்கு ஆழம் தெரியும், அதுதான் சிக்கல்.
இருபத்திரண்டு வருடமாக பாரோ கப்பல்துறையில்
நீர்மூழ்கிகளுக்கு வெல்டிங் செய்கிறேன்.
அடிவிளிம்பு இரண்டு, தரைத்தகடு, சேசிஸின் பின்பகுதி,
எத்தனை கம்பி, எத்தனை ஞாயிற்றுக்கிழமை
என்று நின்ற இடத்திலேயே கூட்டிவிட்டேன்.
இன்னொரு முறையும் கூட்டினேன்,
வேண்டுமென்றே குறைத்து.

ஆனால் அங்கே
நான் போடும் ஒவ்வொரு தையலையும் எக்ஸ்ரே எடுப்பார்கள்.
ஊசிமுனைக் குமிழி இருந்தாலும்
சாக்பீஸால் வட்டம், அரைத்தெடு, மறுபடி போடு.
நியாயம்தான். மேலே கடல்.
இங்கே யாரும் வட்டமிட மாட்டார்கள்.
கதவு சரியாக மூடாவிட்டால்
மழை என் தொடைமேல் விழும், அவ்வளவுதான்.
தப்பாகச் செய்துபார்க்க
எனக்கென்று கொஞ்சம் இரும்பு.
இதை கோரினிடம் எப்படிச் சொல்வது?
வேனுக்குள் அமர்ந்திருந்தான்.
ஆவி படிந்த கண்ணாடியில்
'சமையலறைக் கூரை' என்று அவன் எழுதவில்லை.
எனக்குத்தான் வாசிக்கக் கிடைத்தது.

ஓட்டிக் காட்டுகிறேன், என்றார் பிரெய்த்வெய்ட்.
பாட்டரி செத்துப்போயிருந்தது,
டிராக்டரிலிருந்து கம்பி இழுத்தார்.
இருமியது. மறுபடி இருமியது.
பிறகு நீலப் புகையும்
கொட்டகைத் தகரமெல்லாம் அதிரும் ஓர் உறுமலும்.
கோழிகள் மொத்தமாக வெளிநடப்புச் செய்தன.
பதினோரு விநாடி. எண்ணினேன்.
அதற்குள் வேன் கதவு திறந்து
கோரின் மழையில் நின்றிருந்தான்,
தலையைச் சற்றே சாய்த்து.
சத்தம் அடங்கியதும்
ஒன்றும் நடவாததுபோல் ஏறிக்கொண்டான்.

யோசித்துச் சொல்கிறேன், என்றேன்.
யோசிக்கிறவர்கள் வாங்குவதில்லை, என்றார் அவர்.
செவ்வாய் வரை வேறு யாருக்கும்
காட்டப்போவதில்லை என்றும்.

கிரீனாட் தாண்டும்வரை வைப்பர் மட்டும் பேசியது.
பிறகு கோரின் கேட்டான், எலுமிச்சை எங்கே?

பையைத் தடவிப் பார்த்தேன்.
பானெட்டின் நடுவில்,
பட்டி படாத கையகல இரும்பைக்
கவ்விக்கொண்டு நிற்கிறது.
மறந்துவிட்டேன், என்றேன்.

ஒரு பவுண்டு பெறாது அது, என்றான்.
ரவுண்டானா ஒன்று வந்து போனது.
செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, என்றான்.