முன்வாசல் எது

படிவத்தின் முதல் கேள்வியே தகராறு:
கட்டடம் எங்கே கட்டப்பட்டது?
இங்கே இல்லை, என்கிறார் ஜெரார்டு ஹான்ரகன்.
குழாய் வேலை பார்ப்பவர். வீட்டை மலிவாக வாங்கியவர்.
பாரம்பரியக் கட்டடம் என்று நான் ஒரு முத்திரை குத்தினால்
கூரைக்கு அரசாங்கப் பணம் கிடைக்கும்.
அதனால் எனக்குத் தேநீர், அதனால் டின் பால்,
அதனால் இந்த நிதானமான குரல்.

பின்னே எங்கே?
ஜன்னல் பக்கம் கையைக் காட்டுகிறார்.
பனிமூட்டம். அதற்குப் பின்னால் கடல்.
கடலுக்கு அந்தப் பக்கம், பதினோரு மைலில், கிரேலிங் தீவு.
இப்போது அங்கே ஆளில்லை, ஆடுகூட இல்லை.

நியூஃபவுண்ட்லாந்தில் அந்த வருடங்களில்
தீவுகளை விட்டு வருகிறவர்களுக்குத்
தலைக்கு இவ்வளவு என்று காசு.
தலைகள் வந்தன.
லியாண்டர் பங்கேயின் தலை மட்டும்
வீட்டோடுதான் வருவேன் என்றது.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள்
கடலில் விட்டுப் பார் என்று சொல்லவில்லை.
அறுபத்தேழு, ஆகஸ்ட்.
கண்ணாடிகளைக் கழற்றிப் போர்வையில் சுற்றி,
புகைபோக்கியைச் செங்கல் செங்கலாகப் பிரித்து,
அடிவயிற்றில் பீப்பாய்கள் கட்டி,
ஓதம் ஏறும்வரை காத்திருந்து,
ஐந்து மோட்டார் படகுகள் இழுக்க
இரண்டு மாடி, ஏழு ஜன்னல், ஒரு ஏணிப்படி
மணிக்கு ஒரு மைல் வேகத்தில்
புறப்பட்டது.
லியாண்டரின் மனைவி டார்கஸ்
மாடியில் தொட்டிலைப் பிடித்தபடி வந்தாள் என்பது ஒரு கட்சி.
படகில்தான் வந்தாள், வழியெல்லாம் வாந்தி, என்பது இன்னொரு கட்சி.
கட்சிகளுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கரை சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.
கயிறு போட்டு நாற்பது பேர் மேட்டுக்கு இழுத்தார்கள்.
விடிந்து பார்த்தால்
முன்வாசல் பாறையைப் பார்த்து நிற்கிறது,
கொல்லைக்கதவு கடலை.
நாளைக்குத் திருப்பிவிடலாம் என்றார்களாம்.
அந்த நாளை இன்னும் வரவில்லை.

இரண்டாவது கேள்வி: முகப்பு எந்தத் திசை?
மூன்றாவது: நிலவறை உண்டா?
உண்டு, என்கிறார். பதினோரு மைல் தள்ளி.
உருளைக்கிழங்குகூட மிச்சம் இருக்கலாம்.

சிரிக்கிறோம். அளவுநாடாவை எடுக்கிறேன்.
கூடத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில்,
வெளிறிய ஒரு கோடு.
நான்கு முறை பெயிண்ட் அடித்தாயிற்று;
ஈரம் கூடும் மாதங்களில்
உப்புப் பூத்துத் திரும்ப வருகிறது.

ஏணிப்படிக்கு அடியில், சுவர்க்காகிதம் உரிந்த இடத்தில்,
பலகை. பலகையில் பென்சில்.
பாமராய் பத்து. கீயோ எட்டு.
இன்னும் ஐந்தாறு பெயர்கள்.
பீப்பாய்க் கணக்கு. கடன் வாங்கியது நாற்பத்திரண்டு.
ஒவ்வொரு பெயருக்கும் நேரே, திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு டிக்.
டோபின் நான்கு.
நேரே ஒன்றுமில்லை.

என் பையில் துறைமுகப் பதிவேட்டின் நகல் இருக்கிறது.
அதே மாதம் இருபத்தாறாம் தேதி
ஆம்ப்ரோஸ் டோபினின் வீடு, பாதி வழியில்,
ஒரு மூலை தாழ்ந்து, சாய்ந்து,
சுவர்க்கடிகாரத்தோடு மூழ்கியது.
உயிர்ச்சேதம் இல்லை.
எழுதியவர் ஒரே வரியில் முடித்திருந்தார்.

ஜெரார்டு பலகையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்க்கிறார்.
டோபினின் மகள்தான் முக்குக் கடையில் இருக்கிறாள், என்கிறார்.
நன்றாகத்தான் பேசுவாள்.
இந்த வீட்டு வாசல் மட்டும் ஏறியதில்லை.

எந்த வாசல் என்று நான் கேட்கவில்லை.

'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் இரண்டு விரல் அகலம்.
பீப்பாய் என்று எழுதி, அடித்து,
மறுபடி எழுதி,
தேநீர் ஆறிப்போகும்வரை
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூரை ஒழுகுகிறது
என்று நினைவுபடுத்தினார் ஜெரார்டு.