வினைமுற்று

எனக்குத் தந்திருப்பது மூன்று நிமிடம்.
வூப்பர்டாலில் அது
ஆல்டர் மார்க்ட்டிலிருந்து லோஹர் பாலம் வரை,
தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும் ரயிலில்
இரண்டு தரிப்பு.

மாலை வேலைக்குப் போகையில்
உதடு அசையாமல் பேசிப் பழகுகிறேன்.
கீழே ஆறு. கையில் ஏழு பக்கம்.
முதல் நாள்
"மதிப்புக்குரிய" முடியுமுன்னே
பாலம் வந்துவிட்டது.

குற்றம் முழுக்க என்னுடையதல்ல.
"ஓரிரு வார்த்தைகள்" என்று ஒலிவாங்கி பிடித்தவர்
ஒன்றேகால் மணிநேரம் விடாத
மண்டபங்களில் வளர்ந்த காது இது.
பொன்னாடை, பூங்கொத்து,
அவையடக்கத்துக்கே அரைமணி.
நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்:
உழைப்பின் மேன்மை,
ஒரு பழமொழி,
பழமொழிக்கு ஜெர்மன் விளக்கம்.

நுர்டன் கைபேசியில் நேரம் பிடித்தாள்.
துப்புரவு வண்டியில் சாய்ந்தபடி சொன்னாள்:
"நாலாம் பக்கத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது.
அங்கிருந்து தொடங்கு."

நாலாம் பக்கம் இவ்வளவுதான்:
ஓர் அறைக்குப் பதினாலு நிமிடம் இருந்தது.
தை மாதத்திலிருந்து பதினொன்று.

வாய்விட்டு வாசித்தபோதுதான் கணக்கு உறைத்தது.
அறையிலிருந்து அவர்கள் எடுத்ததும்
பேச எனக்குக் கொடுத்ததும்
ஒரே அளவு.
சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன செய்வேன்?
வாய்க்குத் தெரியவில்லை, கையைக் கேட்டேன்.
ஆளில்லாத 214ஆம் அறையில்
துணியில்லாமல் கை போன வழியே போனேன்:
கட்டில் கம்பியின் உட்புறம்,
கதவுப்பிடியின் அடி,
கடைசியாக, எப்போதும் கடைசியாக,
தலையணையோரம் வயரில் தொங்கும்
சிவப்புப் பொத்தான்.
மூச்சு முட்டுகிற ஒருவர்
இருட்டில் தடவித் தேடுவது.

ஆறு பக்கம் போய்விட்டது.
"போராட்டம்" போனது.
"மனிதநேயம்", நல்ல சொல், அதுவும் போனது.
வரைபடம் வேண்டும் என்றார் தொழிற்சங்கத்து ஹார்ட்முட்,
நிறநிறமான தூண்களோடு.
பொத்தானின் படம் ஒன்று போதும் என்றேன்,
பெருவிரல் தடம் தெரிகிற மாதிரி.

இனி மொழி.
டெர், டீ, டாஸ் மூன்றிலும் இடறுவேன்.
ஆனால் "ஏனென்றால்" என்றோ
"தெரியுமா உங்களுக்கு" என்றோ தொடங்கிவிட்டால்
அவர்களுடைய வினைச்சொல்லும்
எங்களுடையதைப் போலவே
வாக்கியத்தின் கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
அதுவரை யாரும் எழுந்து போக முடியாது.
துடைத்ததா, விட்டதா,
முழுக்கக் கேட்டால்தான் தெரியும்.
அந்த ஒரு வளைவில் மட்டும்
நான் அங்கேயே பிறந்தவள் மாதிரி நடப்பேன்.
முக்கியமானதையெல்லாம் அதற்குள் வைத்தேன்.

வியாழன். மருத்துவமனை உணவுக்கூடம்.
இருநூறு பேர், காப்பி மணம்.
முன்வரிசையில் நிர்வாகத்தின் ஃப்ராவ் ஓஸ்டர்காம்ப்
பேனாவைத் திறந்து மூடுகிறார், திறந்து மூடுகிறார்.
ஒலிவாங்கி
எனக்கு முன் பேசியவரின் உயரத்தில்.
இறக்கினேன். கீச்சிட்டது.
தாள் சட்டைப் பையில்.
திரையில் சிவப்பு.
வணக்கம்கூடச் சொல்லவில்லை,
மண்டபத்துக் காது மன்னிக்கட்டும்.

தெரியுமா உங்களுக்கு, என்றேன்,
இந்தப் பொத்தானை,
நேற்று 214ஐ விட்டுப் போனவருக்குப் பிறகு,
இன்று காலை அங்கே வந்தவர் தொடுவதற்கு முன்னால்,
யாராவது

மூச்சு எடுத்தேன்.
பேனா நின்றது.
வினைச்சொல் இன்னும் வரவில்லை.
காத்திருக்கிறார்கள்.