இரண்டு இழை

துசிஸ் அலுவலகம், வெள்ளைப் பலகை.
ஓர் இழை செத்துக் கிடக்க
ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு.
மற்றதற்கும் அதே. பெருக்கினேன்:
பத்து லட்சத்தில் ஒன்று.
தொண்ணூற்றொன்பதுக்குப் பின் நான்கு ஒன்பது.
ஆண்டுக்கு முப்பத்திரண்டு நொடி
இந்தப் பள்ளத்தாக்கு ஊமையாகலாம்
என்று கையெழுத்திட்டோம்.

செவ்வாய் இரவு ரைன் பெருகியது.
பதினொரு மணி நேரம்.
ஆம்புலன்ஸ் கேட்க ஒருவர்
மலையிலிருந்து சைக்கிளில் இறங்கினாராம்,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி.

விடிந்ததும் ஊர்சினா வந்தாள்,
முழங்கால்வரை சேறு.
"உன் இரண்டு இழையும்
ஒரே பாலத்தடியில்தான் போயிருக்கின்றன."

பெருக்கல் குறியை விரலால் அழித்தேன்.
முன்னால் ஒரு கட்டம் வரைந்து
பாலம் என்றெழுதி,
"இதற்கு எத்தனை ஒன்பது போட?" என்றேன்.

பூட்ஸைக் கழற்றிக்கொண்டே
"எந்தப் பாலத்துக்கு?" என்றாள்.