முப்பது விநாடி

சட்பரியில் மைனஸ் இருபத்தொன்பது.
வாகன நிறுத்தத்தில் எஞ்சினை அணைக்காமல்
யாரோ காத்திருக்கிறார்.
என் காலடியில் இரண்டு கிலோமீட்டர் பாறை.
அதற்குள் குடைந்த அறையில்
நாற்பத்தொரு மின்பெட்டிகள்.

பின்னிரவு மூன்று பத்து.
எண்ணூற்றுப் பதினான்காம் ஓட்டத்துக்குத்
'தொடங்கு' அழுத்தினேன்.
மையக் கட்டுப்பாடு பெயர் கூப்பிட ஆரம்பித்தது.
ஒன்று? உள்ளேன்.
இரண்டு? உள்ளேன்.
பள்ளிக்கூட இடாப்பு மாதிரித்தான்,
ஆனால் இங்கே ஒரு பிள்ளை வராவிட்டால்
பள்ளிக்கூடமே திறக்காது.

பதினேழு?

திரையில் ஒரு கட்டம் மட்டும் மஞ்சள்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.
சிவப்பு.
எல்லாரும் கலைந்து பழைய நிலைக்குத் திரும்பினார்கள்,
உள்ளேன் என்று சொன்ன நாற்பது பேரும்.

இரண்டாம் முறையும் அதேதான்.
நாலு மணிக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்.
அதற்குள் அரை மணி நேர அமைதியாவது பதிய வேண்டும்.
கூண்டு ஆறு மணிக்குத்தான் இறங்கும் என்றான்
லுக் பெலாஞ்சே, போனில்,
சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

நிரலைத் திறந்தேன்.
காத்திரு: முப்பது.
ஏன் முப்பது? குறிப்பு எதுவும் இல்லை.
எழுதியவர் பெயர் இருக்கிறது, ஆள்
டொராண்டோவில் வங்கி வேலைக்குப் போய் ஏழு வருடம்.
அன்றைக்கு அவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்திருக்கலாம்.
அல்லது, சுவரில் முகம் புதைத்து
முப்பது வரை எண்ணிவிட்டால்
எல்லாரும் ஒளிந்து முடித்திருப்பார்கள் என்ற
சின்ன வயதுக் கணக்கோ.

அதை அழித்து நாற்பத்தைந்து என்று போட்டேன்.
அனுமதி கேட்கவில்லை.
மேற்பார்வையாளர் மன்னிக்க.

பதினேழு?
முப்பத்தொன்று.
என் விரல்கள் ஆரஞ்சுத் தோலைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன.
முப்பத்தைந்து.
முப்பத்தெட்டில்
உள்ளேன்.

அதற்கு ஒரு கோளாறும் இல்லை.
எழுந்துவர எட்டு விநாடி கூட வேண்டியிருந்தது.

பிறகு நாற்பத்தொன்றும் சேர்ந்து
இருட்டுக்குக் காது கொடுத்தன.
ஒன்றும் வரவில்லை.
மூன்று ஐம்பத்தெட்டிலும் ஒன்றும் வரவில்லை.
நாலு மணிக்கு
நாற்காலி லேசாக அதிர்ந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
ஓட்டம் 814. நல்ல ஓட்டம். எதுவும் நிகழவில்லை.

நிரலில், ஏழு வருடம் வெறுமையாய்க் கிடந்த
அந்த வரியின் பக்கத்தில்:
நாற்பத்தைந்து, ஏனென்றால்
பதினேழு மெதுவாகத்தான் எழும்.
யதுர்சினி.