பின்கதவுப் பெயர்கள்

நான்கு வருடம் பின்கதவில் பெயர் ஒட்டினேன்.
விண்ட்சரில், இரவு ஷிஃப்ட்,
ஒரு வண்டிக்கு ஐம்பத்தொரு விநாடி.
துடை, தாளை உரி, அளவுச் சட்டத்தை வை, அழுத்து.
வாயேஜர்.
துடை, உரி, வை, அழுத்து.
கேரவன்.

கேரவன் என்றால் பாலைவனத்து வணிகர் கூட்டம் என்று
எனக்குச் சொன்னவன் பக்கத்தில் வைப்பர் பூட்டிய ஹுசாம்.
பஸ்ராக்காரன்.
"எங்கள் பக்கத்துச் சொல். இதைவிட வேகம் குறைவு,
கோப்பை வைக்க இடமும் கிடையாது" என்றான்.

சாப்பாட்டு இடைவேளையில்
மற்றக் கம்பனிகளின் பெயர்களையும் கச்சான்போல் கொறிப்போம்:
ஒடிசி, சஃபாரி, க்வெஸ்ட், வெஞ்சர்.
ஒருவராவது ஒரு வண்டிக்கு
'நீச்சல் வகுப்பு' என்று பெயர் வைக்கவில்லை.
'பல் டொக்டர், நாலேகால்' என்று வைக்கவில்லை.
'யார் முதலில் அடித்தது' என்றும் வைக்கவில்லை.
வைத்தால் யார் வாங்குவார்?
ஏழு இருக்கைக்குக் கையெழுத்துப் போடும் மனிதனுக்கு
ஒரு கடலையாவது காட்டவேண்டாமா?

நான் ஓட்டியது
வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட பழைய கார்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிட்ராயிட்.
காகிதம் சரிவரும்வரை
பாலத்தை அதன் விளக்குகளாக மட்டுமே தெரியும்.
ஆனாலும் ஓர் இரவில் ஐந்நூறு பேரை
பயணம் அனுப்பிவிட்டுத்தான் வீடு வருவேன்.

ஒரு பெப்ரவரியில் சட்டம் நழுவியது.
மகளுக்குக் காய்ச்சல், என் கண்ணில் மணல்.
வாயேஜரின் கடைசி எழுத்து
ஒரு நெல்லளவு இறங்கி ஒட்டிக்கொண்டது.
கை நீட்டுமுன் வண்டி நகர்ந்துவிட்டது.
சோதிப்பவர் கவனிக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

போன நவம்பர், வாக்கர் ரோட்டில்,
கடை பூட்டும் நேரம், பால் வாங்கப் போன இடத்தில்
அந்த எழுத்தைக் கண்டேன்.
சில்லுக்கு மேலே துரு.
கண்ணாடிகளில் உள்ளிருந்து துவாய்கள் செருகியிருந்தன,
ஒன்றில் மீன் படம்.
பக்கக் கதவைத் திறந்துவைத்து ஒரு பெண்
போத்தல் தண்ணீரில் ஒரு பையனுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தாள்.
மூன்றாம் வரிசையில் இன்னொரு பிள்ளை
சப்பாத்தோடு படுத்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள்.
இவள் எவ்வளவு நேரம் நிற்பாள் என்று அளக்கிற பார்வை.
"நல்ல வண்டி" என்றேன்.
இத்தனை வருட ஆங்கிலத்தில் வேறொன்றும் வரவில்லை.
"ஓடுது" என்றாள்.

உள்ளே போய் இரண்டு பை பால் எடுத்தேன்.
காசு கட்டும் இடத்தில்தான் உறைத்தது:
பையை வெட்டக் கத்திரிக்கோல் வேண்டும்,
வைத்து ஊற்ற ஜக்கு வேண்டும்,
இரண்டையும் வைக்க ஒரு வீடு வேண்டும்.
திரும்பிப் போய்
மூடி திருகும் போத்தலாய்ப் பார்த்து எடுத்தேன்.
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்
சில்லறை எண்ணினார்.

வெளியே மழை தொடங்கியிருந்தது.
அவர்கள் நின்ற இடம் மட்டும்
நீள்சதுரமாய், ஈரமில்லாமல்.
ஓரத்தில் கொஞ்சம் பற்பசை நுரை.

எந்தப் பக்கம் திரும்பினாள் என்று தெரியவில்லை.
அந்த எழுத்து விழுந்திருக்காது.
நல்ல பசை அது,
நான்தான் அழுத்தினேன்.